பிரித்து அனுப்பவும்

புளத்கொகுபிட்டிய
14.01.2024

அன்புள்ள மருமகள் சர்மிளாவுக்கு,

நாளை பொங்கல். என் இரும்புக் கடைத் தூசியால் வரும் இருமலை விட்டால் நான் சுகம். உன் மாமி விஜயகலாவும் சுகம். மெல்பேர்னில் நீயும் பிரதாப்பும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதை மின்னஞ்சலில் அனுப்பினாலும் கடிதமாகவே எழுதுகிறேன். அந்த மென்பொருள் திட்டத்தின் பொதுப் பக்கத்தில், ஊர் உலகம் வேடிக்கை பார்க்க, மருமகளோடு வாதாட எனக்கு விருப்பமில்லை.

நீயும் இன்னும் சிலரும் ஓய்வு நேரத்தில் பராமரிக்கும் 'வெஸ்ஸ' என்ற மண்சரிவு எச்சரிக்கை மென்பொருள் இங்கே எங்கள் மலையில் என்ன செய்கிறது என்று உனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மழைமானி வைத்திருப்பவர் அளவைக் கைபேசியில் அனுப்புகிறார். அளவு மிஞ்சினால் அந்த மானிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு 'வெளியேறுங்கள்' என்று செய்தி போகிறது. சிங்களத்தில் மட்டும் போகிறது. ஊத்துமலைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், சிங்களம் பேசத் தெரியாதவர் இல்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

அதற்காகத்தான் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினேன். தமிழ்ச் செய்திகள், எந்த லயம் எந்த மானிக்கு உரியது என்ற அட்டவணை, செய்தி அனுப்பும் பகுதியை அடியோடு மாற்றி எழுதியது, எனக்கு முன் எழுதியவர் கோணல்மாணலாக விட்டுப்போன வரிகளை நேராக்கியது என்று நாலாயிரத்துச் சொச்சம் வரி. டிசம்பரில் ஒரே மாற்றமாக, முழுமையாக அனுப்பினேன். கொழும்பில் இருபது வருடத்துக்கு மேல் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதியவன் நான். என்னை வீட்டுக்கு அனுப்பியவர்கள்கூட என் வேலையில் குறை கண்டதில்லை.

மூன்று வாரம் கழித்து உன் பதில் வந்தது. 'இந்திரகுமார், இதைச் சின்னச் சின்ன மாற்றங்களாகப் பிரித்து அனுப்பவும்.' அவ்வளவுதான்.

இந்திரகுமார்! என் அக்காவைக் கட்டிய உன் அப்பாகூட என்னை அப்படி மொட்டையாகக் கூப்பிட்டதில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலை பிழை என்றால் எந்த வரியில் பிழை? சரி என்றால் ஏன் சேர்க்கவில்லை? மே மாதம் மழை பிடித்துவிடும். அதற்குள் தமிழில் செய்தி போகாவிட்டால் இந்த வருடமும் அந்தச் சனம் புரியாத எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தெளிவாகப் பதில் எழுது.

உன் மாமா,
இந்திரகுமார்


மெல்பேர்ன்
21.01.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சர்மிளா எழுதுறேன். எழுத்துத் தமிழ் எனக்குக் கை வராது, பேசுற மாதிரியே எழுதுறேன், சிரிக்காதீங்க. இங்க நாங்க மூணு பேரும் சொகம். அம்மாவும் அப்பாவும் சொகம். நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிட்டேன்.

அந்தப் பக்கத்துல எல்லாரையும் பேர் சொல்லித்தான் எழுதுவோம் மாமா. நான் 'மாமா'ன்னு போட்டா, சொந்தக்காரர்னு சலுகை காட்டுறேன்னு மத்தவங்க நெனப்பாங்க.

உங்க வேலை பிழைன்னு நான் சொல்லவே இல்ல. சரியா பிழையான்னு எனக்குத் தெரியல, அதான் பிரச்சினை. தொறந்து மொத எரநூறு வரி கவனமாப் படிச்சேன். அப்பறம் கண்ணு சும்மா ஓட ஆரம்பிச்சிருச்சு. அதுல பாதி நீங்க நேராக்கின வரி. எது உண்மையா மாறினது, எது சும்மா எடம் தள்ளி நிக்கிறதுன்னு கண்டுபிடிக்கவே முடியல. நான் 'சரி'ன்னு அமுக்கினா அது ஊத்துமலையில ஒருத்தர் போன்ல போய் நிக்கும். படிக்காம அமுக்க பயமா இருக்கு.

ஒரு மாற்றம் ஒரு விஷயத்த மட்டும் செய்யணும். மொதல்ல தமிழ்ச் செய்திய மட்டும் தனியா அனுப்புங்க. அத முடிச்சிட்டு அடுத்தத பாப்போம்.

மாமிக்கு என் அன்பு.

சர்மிளா


புளத்கொகுபிட்டிய
04.02.2024

அன்புள்ள சர்மிளாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். உங்கள் மூவரின் சுகத்தையும் விசாரிக்கிறேன்.

நீ சொல்வதை நான்கு முறை வாசித்தேன். எட்டு முழ வேட்டி ஒன்றை நெய்து கொண்டுவந்து வைத்திருக்கிறேன். நீ அதை முழம் முழமாகக் கிழித்துக் கொடுங்கள், ஒவ்வொரு முழமாகப் பார்க்கிறேன் என்கிறாய். பார்த்து முடித்த பிறகு அதை யார் தைப்பது? தைத்த வேட்டியை யார் கட்டுவது?

என் மாற்றத்தில் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கிறது. தமிழ் எழுத்து நீளமாக வரும் என்பதால்தான் அனுப்பும் பகுதியை மாற்றினேன். அதை மாற்ற உட்கார்ந்தபோது அந்தக் கோணல் வரிகள் கண்ணை உறுத்தின, நேராக்கினேன். நேராக்கியதில் என்ன குற்றம்? வீட்டைக் கழுவிக் கொடுத்தவனிடம் எந்த அறையில் எத்தனை வாளி ஊற்றினாய் என்று கேட்கிற கதையாக இருக்கிறது.

கொழும்பில் எனக்குக் கீழே வேலை பழகிய பையன்கள் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் என்னிடம் 'பிரித்துக் கொடு' என்று சொன்னதில்லை. நீ சொல்கிறாய். சொல்லலாம். மாமனுக்கு எந்த இடம் என்று உங்கள் குடும்பம் ஏற்கனவே காட்டிவிட்டதுதானே. இது இரண்டாவது முறை.

மாமியின் அன்பை அறியவும்.

இந்திரகுமார்


மெல்பேர்ன்
25.02.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் சொகம். அம்மாவுக்கு மட்டும் படி ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்குது. அப்பா நடக்கப் போறார், நாயப் பாத்துட்டுத் திரும்பி வர்றார்.

உங்க கடைசி வரி எனக்குப் புரியல. மொதத் தடவ எதுன்னு நீங்க எழுதல. அத விட்டுர்றேன்.

அப்பா ஊத்துமலையில கிளாக்கரா இருந்தப்ப நான் பள்ளிக்கூடம் விட்டு நேரா கொழுந்து நெறுக்குற மடுவத்துக்குத்தான் போவேன், ஞாபகம் இருக்கா? காலையில ஒரு நெறுவ, மத்தியானம் ஒண்ணு, அந்திக்கு ஒண்ணு. நாள் பூராவும் பறிச்சத ஒரே சாக்குல அமுக்கி அந்திக்குக் கொண்டாந்தா என்ன ஆகும்? உள்ள இருக்கிறது வெந்து செவந்திரும். மேல பாத்தா பச்சையா இருக்கும். முத்தல் எங்க கெடக்குன்னு கங்காணி கைய விட்டுப் பாக்கவும் முடியாது. பறிச்சவங்க கெட்டிக்காரங்களா இல்லையாங்கிறது வேற பேச்சு.

நேராக்கினது குத்தமில்ல மாமா. அதையும் தனியா அனுப்புங்க. 'இது வெறும் நேராக்கினது, வேற ஒண்ணுமில்ல'ன்னு தலைப்புல எழுதிட்டா நான் அஞ்சு நிமிஷத்துல பாத்துருவேன்.

மே மாசம் வருது. தமிழ்ச் செய்திய மட்டும் அனுப்புங்க.

சர்மிளா


புளத்கொகுபிட்டிய
17.03.2024

அன்புள்ள சர்மிளாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் மூவரும் சுகமா?

கொழுந்து நிறுவையைக் கிளாக்கர் மகள் எனக்குப் பாடம் எடுக்கும் காலமும் வந்துவிட்டது. இருக்கட்டும். மழை உனக்காகவும் எனக்காகவும் காத்திருக்காது என்பதால் தமிழ்ச் செய்தியை மட்டும் தனியே பிரித்து அனுப்பினேன். இருபது வரி.

அதில் நடந்தது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் எழுதியிருந்தது: 'மண்சரிவு அபாயம் நிலவுவதனால் தாங்கள் பாதுகாப்பான இடமொன்றுக்கு உடனடியாக இடம்பெயருமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள்.' பிழையில்லாத தமிழ். நீ ஒரு கேள்வி எழுதினாய்: 'லயத்துல ஒருத்தர் இதப் படிச்சா ஒடனே எந்திரிப்பாரா?' கோபத்தில் மடிக்கணினியை மூடினேன். பிறகு கடையில் ஆணி வாங்க வந்த ஒருவரிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "யாருக்கு சார் அறிவு இல்லேங்கிறாங்க?" என்று கேட்டார்.

மாற்றினேன். 'மண்ணு சரியப் பாக்குது. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு இப்பவே கோயிலுக்குப் போங்க.' எழுதும்போது கை கூசியது. அனுப்பிய அன்றே நீ சேர்த்துவிட்டாய். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், ஜெர்மனியிலிருந்து ஒருவர், பெயர் வாசிக்க முடியாத இன்னொருவர் நன்றி சொல்லியிருந்தார்கள். ஆறு மாதத்தில் நான் எழுதியவற்றில் ஆக அற்பமானது அந்த இருபது வரிதான். மூளையைக் கசக்கி எழுதிய மற்றதற்கெல்லாம் ஒரு நன்றிகூட இல்லை. இதில் சந்தோஷப்படுவதா, அவமானப்படுவதா?

அடுத்து, நேராக்கிய வரிகளைத் தனியே அனுப்பியிருக்கிறேன். லயப் பெயர் அட்டவணையைத் தனியே அனுப்பியிருக்கிறேன், அது முப்பது வரி. அட்டவணை சேராவிட்டால் தமிழ்ச் செய்தி யாருக்குப் போவது என்று மென்பொருளுக்குத் தெரியாது. சுணங்காதே.

இந்திரகுமார்


புளத்கொகுபிட்டிய
28.04.2024

அன்புள்ள சர்மிளாவுக்கு,

சித்திரை பிறந்து இரண்டு வாரம் போய்விட்டது. வாழ்த்துகள், தாமதமாக. நாங்கள் சுகம்.

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு சொல் இல்லை. பிரித்து அனுப்பு என்றாய், அனுப்பினேன். அஞ்சு நிமிஷம் என்றாய். பெரியதாக அனுப்பினால் படிக்க முடியாது, சின்னதாக அனுப்பினால் படிக்க மனமில்லை என்றால் நான் எந்த அளவில்தான் அனுப்புவது? ஒருவேளை அனுப்புகிறவனின் அளவுதான் பிரச்சினையோ?

நேற்று அந்தியில் இடி இடித்துப் பெய்தது. கடைக்கு முன்னால் வடிகான் நிரம்பி ஓடியது. இங்கே நிற்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

இந்திரகுமார்


மெல்பேர்ன்
05.05.2024

அன்புள்ள மாமாவுக்கு,

மன்னிச்சுக்குங்க. இங்க கொஞ்சம் வேலை. நேராக்கின மாற்றத்தச் சேத்துட்டேன்.

அட்டவணையில ஒரே ஒரு கேள்வி. 'பத்துக் காம்பரா' லயம் ரெண்டு தடவ வருது. ஒரு எடத்துல மேல்மலை மானின்னு இருக்கு, இன்னொரு எடத்துல ஃபெக்டரி மானின்னு இருக்கு. ஒரே பேர் ரெண்டு தடவ வந்தா பின்னால வர்றதுதான் நிக்கும், முன்னால இருக்கிறது அழிஞ்சிரும். எது சரி?

பதில் வந்ததும் சேக்குறேன்.

சர்மிளா


புளத்கொகுபிட்டிய
14.05.2024

அன்புள்ள சர்மிளாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு அல்ல. ஒன்பது வயதில் தோட்டத்தை விட்டுப் போனவள் லயத்தின் பெயரில் என்னைத் திருத்துகிறாள்! இரண்டில் ஒன்று தட்டச்சுப் பிழையாக இருக்கும், எது என்று நேரில் பார்த்து உன் முகத்தில் அடிக்கிற மாதிரி எழுதுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை ஊத்துமலைக்குப் போனேன். மழைமானி பார்க்கும் செல்லையா ஃபெக்டரி வாசலில் நின்றார்.

"பத்துக் காம்பரா எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"அந்தா" என்று ரோட்டோரத்துப் புது வீடுகளைக் காட்டினார்.

"அது தனித்தனி வீடுல்ல? பத்துக் காம்பரா லயம் மேல, பாறைக்குக் கீழ. தோட்டத்து மேப்புல நான் பாத்தேன்."

"மேப்புல இருக்கும் சார். ஆளுங்க எறங்கி வந்துட்டோம்ல. அரநாயக்கவுல மலை சரிஞ்ச வருசம் எங்கள இங்க கொண்டாந்து வச்சாங்க. நாங்க பத்துக் காம்பரா ஆளுங்க. நாங்க எங்க இருக்கோமோ அதான் பத்துக் காம்பரா."

"அப்ப மேல இருக்கிறதுக்கு என்ன பேரு?"

"அதுக்கு என்னாத்துக்கு சார் பேரு? பழைய லயம்."

"காலியாத்தானே கெடக்கு?"

"காலியா இருந்தா நான் மானி பாத்துட்டு வர்றப்ப யாருகிட்ட வெத்தில வாங்கிப் போடுறேன்?"

இருவரும் ஏறினோம். இடிந்த கூரைக்குத் தகரம் போட்டு அங்கே ஐந்து குடும்பம் இருக்கிறது. கல்யாணம் முடித்து, பெற்றோரின் வீட்டில் இடம் போதாமல் ஏறி வந்த இளவட்டங்கள். சுதாகரன் என்று ஒருவன், ரப்பர் பால் வெட்டுகிறவன், வெளியே வந்தான். மழை எச்சரிக்கைச் செய்தி அவனுக்கு வருமா என்று கேட்டேன்.

"எங்களுக்குக் கரன்ட் பில்லே வராது சார். நாங்க இங்க இல்லேன்னுதான் பேச்சு."

"எறங்கிப் போகக் கூடாதா?"

"எறங்கி? உங்க கடையில ஒரு காம்பரா குடுப்பீங்களா?" என்றான். உள்ளேயிருந்து அவன் மனைவி, "பேசுறதப் பாரு, வந்தவருக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்காம" என்று அவனை வைதாள்.

நடந்தது இதுதான். மேப்பைப் பார்த்து 'பத்துக் காம்பரா'வை மேல்மலை மானிக்கு எழுதினேன். மக்கள் பதிந்து கொடுத்த தொலைபேசி எண்களில் அதே பெயர் ஃபெக்டரி மானிக்கு வந்தது, அதையும் எழுதினேன். நீ சொன்னபடி பின்னால் வந்தது நின்றிருக்கும். மேல்மலை மானி நிரம்பி வழிந்தாலும் அதற்குக் கீழே ஒரு கைபேசியும் அடித்திருக்காது. இடத்தை விட்டு ஆள் போனால் பெயர் இடத்தோடு நிற்கும் என்று நான் நினைத்தேன். இந்த மலையில் பெயர் ஆட்களோடு நடந்து போகிறது.

மேல்மலை மானிக்கு எழுதிய 'பத்துக் காம்பரா'வை எடுத்துவிட்டு, 'பழைய லயம்' என்று ஒரு வரியும், வாங்கிய ஐந்து வீட்டு எண்களுக்கு ஒரு வரியும் சேர்த்து, அந்த மானிக்குக் கட்டி அனுப்பியிருக்கிறேன். முப்பத்தொரு வரி.

நாலாயிரம் வரிக்குள் இது கிடந்திருந்தால் நீ கண்டிருக்க மாட்டாய். நானே எழுதியவன், நானே காணவில்லை. இதை எழுத எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்காதே.

இந்திரகுமார்


புளத்கொகுபிட்டிய
09.06.2024

அன்புள்ள சர்மிளாவுக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், செய்தியில் பார்த்திருப்பாய்.

ஐந்து நாள் விடாத மழை. வியாழன் பிற்பகல் மேல்மலை மானியின் அளவு மிஞ்சியது. ஃபெக்டரிப் பக்கம் அவ்வளவு இல்லை, அங்கே செய்தி போகவில்லை. நீ சேர்த்த அட்டவணைப்படி பழைய லயத்துக்குப் போனது. மறுநாள் சுதாகரன் கடைக்கு வந்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், தமிழ்ல மெசேஜ் வந்தா எங்களுக்கு ஒண்ணு லோன், இல்லாட்டி லொத்தர் சீட்டு. பாக்காம போனப் பைக்குள்ள போட்டேன். எம்பொஞ்சாதிதான் புடுங்கி வாசிச்சா. 'யோவ், புள்ளைங்கள கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போகச் சொல்லுதுய்யா'ன்னா. 'யாரு சொல்றா?'ன்னேன். 'யாரு சொன்னா உனக்கென்ன, ஒங்காத்தா மாதிரி சொல்லுது, எந்திரி'ன்னா."

ஐந்து குடும்பமும் கோயில் மண்டபத்துக்கு இறங்கியிருக்கிறது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாறையடி மண் வந்து லயத்தின் பின்பக்கத்தை மூடிவிட்டது. மூன்று காம்பராவும் எல்லாக் குசினியும் போய்விட்டன. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. கோழிகளைப் பற்றி அவன் மனைவி இன்னும் அழுகிறாளாம்.

சர்மிளா, எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நான் மிகவும் பெருமைப்பட்ட பகுதி, செய்தி அனுப்புவதைப் புதிதாக எழுதியது, இன்னும் என் கணினியிலேயே கிடக்கிறது. தமிழ் எழுத்து நீளும் என்று பயந்து எழுதியது அது. செய்தி குட்டையாகிவிட்டதால் அது இல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்தது இருபது வரியும் முப்பத்தொரு வரியும். நீ கேள்வி கேட்டிராவிட்டால் அதுவும் இல்லை. யாருக்கு நன்றி சொல்வது, யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் இரண்டு நாளாகக் கடையில் சில்லறையைப் பிழையாகக் கொடுக்கிறேன்.

உன் பழைய கடிதங்களை எடுத்து வாசித்தேன். நான் கேட்காமலே ஒவ்வொன்றிலும் அக்காவையும் அத்தானையும் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாய். மே மாதக் கடிதத்தில் அந்த வரி இல்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. இல்லை, கவனித்தேன், கேட்கவில்லை.

அக்கா எப்படி இருக்கிறாள்?

இந்திரகுமார்


மெல்பேர்ன்
12.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பழைய லயத்து விஷயத்த அம்மாகிட்டச் சொன்னேன். அந்தப் பாறையடியிலதான் நாங்க வெறகு பொறுக்கினதுன்னாங்க.

அம்மாவுக்கு மார்ச் கடைசியில நெஞ்சுல ஆபரேஷன். இப்ப நல்லா இருக்காங்க, நடக்குறாங்க, உப்பில்லாத சோத்தத் திட்டுறாங்க. அப்ப நல்லா இல்ல. ஒரு வாரம் எங்களுக்கு ஒண்ணுமே தெரியல.

"மாமாவுக்குச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டேன்.

"கேட்டானா?"ன்னாங்க.

"இல்ல."

"கேட்டா சொல்லு. கேக்காட்டி சொல்லாத."

இப்ப நீங்க கேட்டுட்டீங்க, சொல்லிட்டேன். 'கொஞ்சம் வேலை'ன்னு நான் எழுதினது அதான். உங்க அட்டவணைய ஆஸ்பத்திரியில அம்மா கட்டில் பக்கத்துல உக்காந்துதான் படிச்சேன். முப்பது வரியா இருந்ததால முடிஞ்சுது மாமா. அன்னிக்கு எனக்கு முப்பது வரிக்கு மேல படிக்கிற தலை இல்ல.

இன்னொண்ணு. உங்க ஒவ்வொரு கடிதத்துலயும் ஒரு கோபம் எட்டிப் பாக்குது. 'இது இரண்டாவது முறை'ன்னீங்க. 'அனுப்புகிறவனின் அளவு'ன்னீங்க. எது எதுக்குன்னு எனக்குத் தெரியல, எல்லாம் ஒரே சாக்குல இருக்கு. அதையும் பிரிச்சு அனுப்புங்க. ஒண்ணொண்ணாப் பாக்குறேன்.

சர்மிளா


புளத்கொகுபிட்டிய
14.07.2024

அன்புள்ள சர்மிளாவுக்கு,

அக்காவின் உடம்பு இப்போது எப்படி? உப்பைக் குறைக்கச் சொன்னால் குறைக்கச் சொல். அத்தான் எப்படி? நாய்க்குப் பயந்து நடையை விட வேண்டாம் என்று சொல். நீங்கள் மூவரும் சுகமா? நானும் மாமியும் சுகம்.

கோபத்தைப் பிரித்து அனுப்பு என்று நீ எழுதியதைப் படித்ததும் கோபம் வந்தது. பிறகு உட்கார்ந்து பிரித்தேன். ஒரு மாதம் ஆனது.

அத்தான் ஒருமுறை கேகாலை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது. அக்கா வெளிநாடு போகும்போது அப்பாவின் ரேடியோவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அந்த ரேடியோவில் நான் ஒருநாளும் பாட்டுக் கேட்டதில்லை, இருந்தும் இருபது வருடமாக அதைக் கேட்க முடியாமல் இருக்கிறேன். நீ பெயர் சொல்லி எழுதியதற்குக் காரணம் சொல்லிவிட்டாய், அதை எடுத்துவிட்டேன். இன்னும் இப்படிச் சில. மேசையில் தனித்தனியாக வைத்துப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் இத்தனை சிறியதாக இருக்கிறது. ஒரே சாக்கில் இருந்தபோது ஏன் முதுகை ஒடித்தன என்று விளங்கவில்லை.

அடியில் ஒன்று இருந்தது.

2017இல் உன் கல்யாணம். பத்திரிகை எனக்கு வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. கீழே ஒரு சொல் இல்லை, பிறகு ஒரு அழைப்பும் இல்லை. மெல்பேர்னிலிருந்து வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து வாசலில் நிற்க முடியாது என்று எனக்குத் தெரியும். போனை எடுத்து 'தம்பி, வா' என்று அக்கா சொல்லியிருக்கலாம். விசா கிடைக்காமல் போயிருக்கலாம், அது வேறு. வீடியோவைப் பிறகு அனுப்பினீர்கள். உன்னைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வந்தவர் கோட்டுப் போட்ட யாரோ. தாய்மாமன் நடக்க வேண்டிய இடத்தில் அவர் நடந்தார், சிரித்துக்கொண்டே. பத்திரிகை வருவதற்கு முன்பே, அழைப்பார்கள் என்று நம்பி, கண்டிக்குப் போய் உனக்கு மாமன் சீர் பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்தேன். அது இன்னும் அலமாரியில் இருக்கிறது. மடிப்பில் பட்டு அறுந்துவிடும் என்று விஜயகலா வருடத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பு மாற்றி வைக்கிறாள். அந்த நாளில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஏன் கூப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. ஏழு வருடமாக எனக்குத் தெரியவில்லை.

இதையும் பிரிக்கப் பார்த்தேன். அழைப்பு வேறு, இடம் வேறு, புடவை வேறு என்று. பிரித்தால் எதற்கும் அர்த்தம் இல்லாமல் போகிறது. சேர்த்து வைத்தால்தான் அது என்னவென்று தெரிகிறது. மன்னித்துக்கொள். இதை முழுதாகவே அனுப்புகிறேன்.

உன் மாமா,
இந்திரகுமார்


மெல்பேர்ன்
18.08.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் சொகம். அம்மாவும்.

பெரிசுதான் மாமா. இதப் பிரிக்கச் சொல்ல மாட்டேன். சிலது பிரிச்சா ஒடஞ்சு போகும். அப்பிடி ஒண்ணு வந்தா படிக்கிறவங்கதான் நேரம் ஒதுக்கணும்.

உங்க கடிதத்த அம்மா மொதல்ல கண்ணாடி போட்டுக்கிட்டுத் தானே படிச்சாங்க. அப்பறம் என்கிட்டக் குடுத்து வாசிக்கச் சொன்னாங்க. பேப்பர் தலைகீழா இருந்த எடத்துல அப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டார். மடிப்பு மாத்துற எடம் வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னாங்க. அப்பறம், "மறுபடி மொதல்ல இருந்து வாசி"ன்னாங்க.

அன்னையில இருந்து தெனமும் சாப்பாட்டுக்கு அப்பறம் வாசிக்கச் சொல்றாங்க. ஒவ்வொரு நாளும் கொஞ்ச தூரம்தான் போறோம். ஏன் கூப்பிடலேங்கிறதுக்கு நான் பதில் எழுதக் கூடாதாம். "அது என்கிட்டக் கேட்டது"ன்னுட்டாங்க. இன்னும் முடியல மாமா. அவசரப்படுத்தாதீங்க.

மாமிக்கு என் அன்பு.

சர்மிளா

பி.கு.: ஒரே ஒரு கேள்விய மட்டும் இப்பவே எழுதச் சொன்னாங்க. பொடவ என்ன கலர்?